‘தெய்வக் குழந்தைகளு’க்கு ஒரு சிறப்புக் காட்சி

1

ஸ்காட்லாந்தில் நான் குடியிருக்கும் சிறிய ஊரில் ஒரே ஒரு சினிமா தியேட்டர்தான் உண்டு. எந்தப் பெரிய கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் மேனேஜரும் ஆபரேட்டரும் மட்டும். மற்ற வேலையை என்னைப் போன்றவர்கள் முறை வைத்துக்கொண்டு சும்மா செய்கிறோம். என் முறை செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பகலெல்லாம் ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து டிக்கெட் கிழிப்பேன், டீ ஊற்றிக் கொடுப்பேன், படம் விட்டதும் சீட்டுக்கடியில் கிடக்கும் கையுறைகளைப் பொறுக்கி வைப்பேன். எப்போதும் ஒற்றைக் கையுறைதான் கிடக்கும். இவர்களால் ஏன் ஜோடியாகத் தொலைக்க முடிவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சின்னத் தியேட்டர், ஆனால் அது பண்ணாத காட்சி கிடையாது. கைக்குழந்தைக்காரிகளுக்கென்று ஒரு காட்சி உண்டு. விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், பிள்ளை அழுதால் யாரும் முறைக்கக் கூடாது. ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு ஒரு காட்சி. நடுவில் எழுந்து நடக்கலாம், கத்தலாம். காது கேளாதவர்களுக்கென்று ஒரு காட்சி. ஆங்கிலப் படத்துக்கே கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போடுவார்கள். கதவு கிறீச்சிட்டால் ‘கதவு கிறீச்சிடுகிறது’ என்றுகூட எழுதியிருக்கும். ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது.

இந்தப் பொங்கலுக்கு மேனேஜரை நச்சரித்து ஒரு தமிழ்ப் படம் போட வைத்தேன். கொலை செய்தது யார் என்று கடைசிவரை தேடுகிற படம். எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான், ஆகையால் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஊர்க்காரர்கள். அவர்களுக்காகத் திரையில் ஆங்கில எழுத்து ஓடியது. படம் முடிந்ததும் ஆங்கஸ் என்ற கிழவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு காதிலும் மிஷின் வைத்திருப்பவர். வைத்தும் அவருக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது, எஸ்தர். அந்த இன்ஸ்பெக்டரின் வாய் இருக்கிறதே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் டீ பாத்திரத்தைக் கழுவும்போது எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. என் அண்ணன் தாம்பரத்தில் இருக்கிறான். பிறவியிலேயே காது கேளாதவன். என்னைவிட நல்ல தமிழ் எழுதுபவன். தமிழே தெரியாத ஸ்காட்லாந்துக் கிழவருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிகிற தமிழ்ப் படம், தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டுத் தியேட்டரில் ஓடும்போது என் அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஏனென்றால் அங்கே எழுத்துக் கிடையாது. எல்லாருக்கும்தான் தமிழ் தெரியுமே, எழுத்து எதற்கு என்று எவனோ ஒருத்தன் தீர்மானித்துவிட்டான். அந்த ‘எல்லாரி’ல் என் அண்ணன் கிடையாது.

2

அண்ணன் பெயர் ஜெயசீலன். கிழக்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டிலேயே அண்ணியோடு இருக்கிறான். அண்ணிக்கும் காது கேட்காது. சேலையூரில் பல் செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவனுக்கு வேலை. மாடம்பாக்கத்திலிருந்து நாவலூர் வரை எத்தனையோ பேர் அவன் தேய்த்துக் கொடுத்த பல்லை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். அதில் எத்தனை பேர் அவனைப் பார்த்து, “பாவம், ஊமை” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருப்பார்களோ! அவன் அதை உதட்டிலேயே வாசித்துவிடுவான். மற்ற வார்த்தைகளைவிட அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவன் சீக்கிரமாக வாசிப்பான்.

அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். சர்ச்சும் ஸ்கூலும்தான் எங்கள் உலகம். சினிமா பாவம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, ஆனால் அது பரீட்சை லீவுக்கும் கிறிஸ்துமஸ் லீவுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. அந்த இரண்டு படத்துக்கும் அண்ணன் முதல் ஆளாகக் கிளம்புவான். தியேட்டரில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் இடம் ஒன்று இருக்குமே, முன்னால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அங்கேதான் போய் உட்காருவான். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து வைத்துக்கொள்வான். சண்டை வந்தால் தரை வழியாக அவன் உடம்புக்குள் ஏறும். பாட்டு வந்தால் முட்டி தாளம் போடும், எங்களைவிடச் சரியாக.

பேச்சு வந்தால்தான் சிக்கல். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சியில் திரும்பி எங்கள் முழங்கையைத் தட்டுவான். என்ன சொல்றாங்க? உடனே பக்கத்தில் இருப்பவர்கள், அது அம்மாவாக இருக்கட்டும் சித்தப்பாவாக இருக்கட்டும், ஒரே சைகையைத்தான் காட்டுவார்கள்: “அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வந்ததே இல்லை. சினிமாவில் மட்டுமா? சாப்பாட்டு மேசையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எல்லா இடத்திலும் அப்புறம்தான். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதனை இன்னும் அப்புறத்திலேயே உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பல்லாவரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்து, ஒரு கூட்டம் நின்றுகொண்டு கையாலேயே பேசிக்கொண்டிருக்கும். அரசியல், வேலை, பெண் பார்ப்பது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் ஓடும். அண்ணனின் உலகம் அதுதான். அங்கே யாரும் அப்புறம் சொல்றேன் என்று சொல்வதில்லை.

3

ஆங்கஸ் கதையை வீடியோ காலில் அண்ணனுக்குச் சொன்னேன். நானும் அவனும் கையாலேதான் பேசுவோம். பாதி அவன் பள்ளிக்கூடத்தில் கற்றது, மீதி சின்ன வயதில் நாங்களே உண்டாக்கிக்கொண்டது. வெளிநாட்டில் இருந்து இருந்து என் கையும் துருப்பிடித்துவிட்டது. சில சைகைக்கு அவன் நெற்றியைச் சுருக்குவான், நான் திரும்பச் செய்வேன்.

“கிழவருக்குத் தமிழ் தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“காது?”

“கேட்காது.”

“ஆனா படம் புரிஞ்சுது?”

“புரிஞ்சுது.”

போனை மேசையில் சாய்த்து வைத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “கொலைகாரன் யாருன்னு எனக்குச் சொல்லிடாதே. நான் பார்க்கணும். போன்ல வேண்டாம். தியேட்டர்ல. எழுத்தோட. ஸ்டேஷன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரோடயும் உக்காந்து, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்க்கணும். ஒரே ஒரு படம் போதும்.”

அவன் என்னிடம் எதையும் கேட்பவன் இல்லை. சாக்லேட் வாங்கிவரவா என்றாலே பல்லுக்குக் கெடுதி என்பான். ஜூலையில் ஊருக்கு வரும்போது இதை முடித்துவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவு செய்தேன்.

அப்புறம் தொடங்கியது பாருங்கள் அலைக்கழிப்பு. படக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. திரும்பப் போட்டேன். தமிழ்நாட்டு ரசிகர்களுக்குத் தமிழ் புரியும் என்பதால் எழுத்து அவசியப்படவில்லை என்று பதில் வந்தது. காது கேளாதவர்களைப் பற்றி நான் எழுதியிருந்த மூன்று பத்தியும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லும் ஒரு அலுவலகத்தை நாடினேன். காது கேளாதோர் தொடர்புகொள்ள என்று அவர்கள் கொடுத்திருந்தது ஒரு தொலைபேசி எண். சத்தியமாகச் சொல்கிறேன், தொலைபேசி எண் மட்டும்தான். ஆத்திரத்தில் நானே கூப்பிட்டேன். எடுத்தவர், “காது கேக்காதவங்களுக்குத் தியேட்டர் எதுக்கு மேடம்? வீட்டுல டிவி இல்லையா?” என்றார். “உங்க வீட்டுல டிவி இல்லையா சார்? நீங்க தியேட்டருக்குப் போனதே இல்லையா?” என்று கேட்டேன். லைன் கட் ஆகிவிட்டது. நான் ஸ்காட்லாந்திலிருந்து கத்தியதில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன.

கடைசியில் அந்தப் படத்தின் தயாரிப்பாளரையே தேடிப் பிடித்தேன். பெரிய ஆள் இல்லை. “ஓடி முடிஞ்ச படம்தாம்மா, ஒரு ஷோ போட்டுக்குங்க. ஆனா எழுத்தெல்லாம் சேர்த்துக் கொடுக்க எங்ககிட்ட ஆள் இல்ல” என்றார். அனுமதி கிடைத்தது, எழுத்துக் கிடைக்கவில்லை.

எழுத்துக்கு வழி எங்கள் தாம்பரம் சர்ச்சில் இருந்தது. அங்கே ஞாயிறு ஆராதனையில் பாட்டு வரிகளை ப்ரொஜெக்டர் வைத்துச் சுவரில் பெரிதாகப் போடுவார்கள், நன்றாகக் காது கேட்கிற சபைக்கு. பிரசங்கத்தைப் போட மாட்டார்கள்; அண்ணன் இத்தனை வருஷமாக ஆயரின் மீசையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதே ப்ரொஜெக்டரைக் கடன் வாங்கி, திரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டி, வசனத்தை வரி வரியாக நாமே போட்டால் என்ன? படம் ஒரு பக்கம் ஓடட்டும், நம் எழுத்து ஒரு பக்கம் ஓடட்டும்.

வார இறுதிகளில் உட்கார்ந்து படத்தின் மொத்த வசனத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினேன். என் மகள் ரூத் கூட உட்கார்ந்தாள். பதினாறு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் ஆங்கிலத்தில்தான் பதில், எழுத்துச் சுத்தமாகத் தெரியாது. தமிழ் வகுப்புக்கு அனுப்பிப் பார்த்துத் தோற்றவள் நான். கம்ப்யூட்டர் வேலை என்பதால் வந்தாள். “அம்மா, இந்த லைன் ரொம்ப நீளம், படிக்கறதுக்குள்ள அவன் பேசி முடிச்சுடுவான்” என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லி வெட்டினாள். எந்த எழுத்தை வெட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. நான் தட்டுவேன், அவள் காதால் கேட்டு அளந்து கோடு போடுவாள். வீட்டில் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் ஒரு அறையில் இருந்தது அந்த வாரங்களில்தான்.

4

தியேட்டர் பெயரை எழுதப் போவதில்லை. தாம்பரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். நிலத்துக்காரக் குடும்பமே கட்டியது. சுற்றிலும் மால்களுக்குள் தியேட்டர் வந்த பிறகும் இன்னும் ஒற்றைத் திரையோடு நிற்கிறது. புதுப்படத்துக்கு விடியற்காலைக் கொண்டாட்டம், கிரிக்கெட் ஃபைனல் அன்று பெரிய திரையில் மேட்ச், ஞாயிறு காலை வாடகைக்கு ஒரு சபையின் ஜெபக்கூட்டம் என்று எதையாவது பண்ணி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதையே இருந்தது.

ஜூலையில் ரூத்தோடு ஊருக்கு வந்ததும் அங்கே போய் மேனேஜரைப் பார்த்தேன். குமரேசன், முதலாளியின் மருமகன். நாற்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், “செஞ்சுடலாம் மேடம். புண்ணியம்” என்றார். அந்தப் புண்ணியம் என்ற வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலைக் காட்சியை வாடகைக்குக் கொடுத்தார். பகல் காட்சிக்கு வேறு படம், பெரிய ஹீரோ, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். தாராளமாக முடியும், படம் அவ்வளவு நீளமில்லை.

சனிக்கிழமை போய் இறங்கினால் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். ‘காது கேளாத, வாய் பேசாத தெய்வக் குழந்தைகளுக்குச் சிறப்புத் திரைப்படக் காட்சி.’ அதற்கு மேலே ஏரியாப் பெரிய மனிதர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் ஒரு சேவைச் சங்கத்தின் ஆட்கள் வரிசையாக. எனக்குத் தெரியாமல் குமரேசன் இவர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்.

அண்ணன் ஃப்ளெக்ஸின் முன்னால் நின்று பொறுமையாக வாசித்தான். அவர்கள் எழுதும்போது இவர்களுக்குப் படிக்கத் தெரியும் என்ற நினைப்பே வந்திருக்காது. அவன் தன் நரைத்த மீசையைத் தொட்டுக் காட்டி என்னைக் கேட்டான்: “குழந்தை யாரு?” பக்கத்தில் இருந்த அவன் நண்பர், ரிட்டயர் ஆன பிரஸ் ஊழியர், பேரன் எடுத்தவர், தன் வழுக்கையைக் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “என்ன சார் இது?” என்று குமரேசனைப் பிடித்தேன்.

“மேடம், ஒரு பத்து நிமிஷம் ஃபங்ஷன். நாலு பேருக்குத் தெரிஞ்சாதானே நல்லது?”

பத்து நிமிஷமாம். திரைக்கு முன்னால் மேசை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு பெண் மைக்கைப் பிடித்து வரவேற்புப் பாட்டுப் பாடினாள். அரங்கம் நிறையக் காது கேளாதவர்கள், அவர்களுக்கு ராகம் இழுத்துப் பாட்டு! பிறகு பேச்சு. ஒருவர் மாற்றி ஒருவர். “இவர்களுக்கு இறைவன் ஒரு கதவை மூடினாலும்” என்று ஆரம்பித்தார் ஒருவர், மூடிய கதவைத் திறந்து வெளியே வரவே அவருக்கு வெகுநேரம் ஆனது. யாரும் சைகையில் சொல்ல ஏற்பாடில்லை. “சுருக்கமா முடிங்க சார், நான் கையில் சொல்றேன்” என்று மேடைக்குப் போனேன். “ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் சகோதரி எஸ்தர் அவர்கள்” என்று என் தோளில் பொன்னாடை போர்த்தி ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

கீழே அண்ணனும் நண்பர்களும் என்ன செய்வார்கள்? தங்களுக்குள் கையால் பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர் மைக்கிலேயே, “தயவுசெய்து அமைதி” என்றார். அங்கே அவர் ஒருவர்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட், கேமராவைப் பார்க்க வேண்டும். அண்ணன் வாங்க மறுத்துவிட்டான். வாங்காதவன் கையில் திணித்து எடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் காரில் ஏறும்போது காலைக் காட்சியில் பாதிப் பொழுது போயிருந்தது. வந்தவர்களில் ஒரு ஆள்கூட உட்கார்ந்து படம் பார்க்கவில்லை.

5

ஒருவழியாக விளக்கு அணைந்தது. நாலு வெள்ளை வேட்டிகளை நுனியோடு நுனி தைத்துத் திரைக்குக் கீழே அண்ணனும் நண்பர்களும் விடிகாலையே கட்டியிருந்தார்கள். சர்ச் ப்ரொஜெக்டரை இரண்டு சீட்டுக்கு நடுவில் பலகை போட்டு வைத்து, ரூத் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். வரியை மாற்றும் வேலை அவளுடையது. யார் எப்போது வாயைத் திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

படம் தொடங்கியது. முதல் காட்சியில் மழை, இருட்டு, ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறான். ரூத் என் கையைக் கிள்ளினாள். “அம்மா, சவுண்டே இல்ல. நான் எப்படி மாத்தறது?”

உண்மைதான். ஒரு பொட்டுச் சத்தமில்லை. மிஷின் கோளாறு என்று நினைத்து மேலே ஆபரேட்டர் ரூமுக்கு ஓடினேன். குமரேசன் அங்கேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், சவுண்டு வரல.”

“ஆமா மேடம், நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்.”

“ஏன்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “அவங்களுக்குத்தான் கேக்காதே மேடம். யாருக்குப் போடறது?”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் செய்திருக்கிறார். காது கேளாதவர்கள் காட்சி, ஆகவே சத்தம் வேண்டாம். அத்தனை பெரிய ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபயரும் வீணாக ஓடுவானேன்? நல்ல மனசோடு செய்கிற அக்கிரமத்துக்கு எப்படித்தான் பதில் சொல்வது?

“சார், சவுண்டைக் கேட்டாத்தான் என் பொண்ணு எழுத்தை மாத்த முடியும். அதை விடுங்க. அவங்க இங்க எதுக்கு வந்தாங்கன்னு நினைச்சீங்க? சத்தம் உடம்புல ஏறும் சார். தரையில ஏறும், சீட்டுல ஏறும். போன்ல பார்த்தா அது வருமா? அவங்களை மாதிரி உங்க ஸ்பீக்கரை ரசிச்சவங்க இந்த ஊர்ல யாரும் கிடையாது. போடுங்க. முதல்லேர்ந்து போடுங்க. முழு சவுண்டு வைங்க!”

“முதல்லேர்ந்தா? டைம் ஆவுது மேடம்...”

“பாட்டுப் பாடும்போது ஆகலையா டைம்?”

ஆபரேட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குமிழைத் திருகினார். நான் படியிறங்கி வரும்போது முதல் இடி விழுந்தது. அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். இடி விழுந்ததும் எல்லாருடைய இரண்டு கையும் தலைக்கு மேலே உயர்ந்து விரல்கள் படபடத்தன. அதுதான் அவர்களுடைய கைதட்டல். கீழே வேட்டியில் தமிழ் ஓடத் தொடங்கியது: ‘நான் பேசறது கேக்குதா?’ படத்தின் முதல் வசனமே அதுதான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, “கேக்குது” என்று கையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவன் என் பக்கமே திரும்பவில்லை. யாரும் யார் முழங்கையையும் தட்டவில்லை. இன்ஸ்பெக்டர் நக்கலடிக்கும் இடத்தில் எல்லாரும் ஒன்றாகக் குலுங்கிச் சிரித்தார்கள். ரூத் தன்னால் வாசிக்க முடியாத எழுத்தை, மாமாவால் கேட்க முடியாத பேச்சுக்குச் சரியாக ஒட்டிக்கொண்டே போனாள். ஒரு வரி தவறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பெற்றவள் என்ற முறையில் அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

6

சந்தேகப்பட்ட எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்திருக்கிறார் இன்ஸ்பெக்டர். கொலைகாரன் இவர்களில் ஒருவன். பெயரைச் சொல்லப்போகிறார், வாயைத் திறக்கிறார். திரை வெளுத்துப்போய் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

குமரேசன் மைக்கோடு திரைக்கு முன்னால் வந்தார். “அன்பு நண்பர்களே, நேரமின்மை காரணமாகக் காட்சி இத்துடன் நிறைவு பெறுகிறது. பகல் காட்சிக்கு ரசிகர்கள் காத்திருப்பதால் அனைவரும் அமைதியாகக் கலைந்து செல்லுமாறு...”

ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? பாதிப் பேர் மிஷின் கோளாறு என்று நினைத்துத் திரும்பி ஆபரேட்டர் ரூமைப் பார்த்தார்கள். குமரேசன் இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினார். நான் விறுவிறுவென்று போனேன்.

“என்ன சார் பண்றீங்க? இன்னும் கொஞ்சம்தானே இருக்கு?”

“மேடம், வெளியே வந்து பாருங்க. கேட்டைப் புடிச்சு ஆட்றாங்க. பெரிய ஹீரோ படம், லேட் பண்ணா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. மாமா வேற போன்ல கத்தறாரு.”

“லேட் பண்ணது இவங்களா?”

“இவங்க இல்ல மேடம், ஒத்துக்கறேன். மிச்சத்தை இன்னொரு நாள் போட்டுக்கலாம். இல்லைன்னா கதையை நீங்களே அவங்களுக்கு அப்புறமா சொல்லிடுங்களேன்.”

அப்புறமா. அந்த வார்த்தை மட்டும் அவர் வாயில் வராமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை பணிந்துபோயிருப்பேன். அவர் நிலைமையும் எனக்குத் தெரிந்தது. வெளியே கூச்சல் உள்ளேவரை கேட்டது. ஆனால் அப்புறமா என்றாரே, உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குக் கொதித்தது.

“நீங்க கை பாஷைல சொல்லுங்க மேடம், ப்ளீஸ். நீங்க சொன்னாக் கேப்பாங்க” என்றார்.

மேடையில் ஏறினேன். எல்லாருடைய கண்ணும் என் கைமேல். முன்வரிசையில் அண்ணன், “என்ன ஆச்சு? என்ன சொல்றாரு?” என்று கேட்டான். ரூத் லேப்டாப்பின் மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை உயர்த்திச் சொன்னேன்: “மிஷின் சூடாயிடுச்சாம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு. வெளியே எவ்வளவு கூட்டம் நின்னாலும் பரவாயில்லையாம். படத்தைக் கடைசி வரைக்கும் போட்டுட்டுத்தான் உங்களை அனுப்புவாராம்.”

அரங்கம் முழுவதும் கைகள் உயர்ந்தன. எல்லா விரல்களும் குமரேசனைப் பார்த்துப் படபடத்தன. ரிட்டயர் ஆன அந்தப் பிரஸ்காரர் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார். குமரேசன் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“இன்னா மேடம் சொன்னீங்க? ஏன் இவ்வளவு சந்தோஷப்படறாங்க?”

“முழுப் படமும் போடறீங்கன்னு சொன்னேன்.”

“ஐயையோ! நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

“சொல்லலையா? அப்ப மைக் உங்க கையிலதானே இருக்கு. நீங்களே சொல்லுங்க.”

மைக்கைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். கைகள் இன்னும் இறங்கவில்லை. மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. “பேஜார் புடிச்ச வேலை” என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. இன்ஸ்பெக்டர் விட்ட இடத்திலிருந்து வாயைத் திறந்தார்.

வெளியே நின்ற கூட்டத்தில் முன்னால் இருந்தவர்களை அடக்க முடியாமல் உள்ளே விட்டுவிட்டார்கள். ஓரத்தில் நின்று பார்த்தார்கள். “மச்சான், இன்னாடா கீழ டயலாக் எழுதிகினு கீறான்?” என்று ஒருவன் கேட்டான். “நல்லாத்தான் கீது, படிடா. இந்த தியேட்டர்ல என்னிக்கு டயலாக் புரிஞ்சிருக்கு?” என்றான் இன்னொருவன். இருவரும் சத்தமில்லாமல் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சீட்டும் கிழியவில்லை.

கொலைகாரன் யார் என்று தெரிந்தது. கைதானான். அவனுடைய அம்மா அழுதாள். பெயர்கள் ஓடி முடியும்வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் ரூத்தின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தான். பிறகு செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஃப்ளெக்ஸின் நிழலில் போய் நின்றான். “எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

அவன் தயங்கினான். அவனுக்கு என் மனசு நோகக் கூடாது.

“படம் மோசம்” என்றான்.

“என்னது?”

“சண்டை நல்லா இருந்தது. இடி நல்லா இருந்தது. ஆனா பேச்சு... சொன்னதையே சொல்றாங்க. அந்த அம்மா ஒரே வசனத்தை மூணு இடத்துல பேசறாங்க. சின்ன வயசுலேர்ந்து, நீங்க எல்லாரும் அழறதையும் சிரிக்கறதையும் பார்த்து, என்னவோ பெரிய விஷயம் பேசறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்.” கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “இத்தனை வருஷமா இதையா பேசிட்டு இருந்தாங்க?”

“ஆமாண்ணா, இதைத்தான்” என்றேன். “இதைக்கூட உனக்குச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல.”